தேரியின் அடியை வெட்ட அனுமதிக்காதீர்கள்

தேரி என்னும் செம்மணல் மேட்டில் மண் அள்ள அனுமதியும் அதை ஏற்றிச்செல்ல நடைச்சீட்டும் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தேரியின் அடியில் மண் அள்ளப் பொக்லைன் தோண்டிய பள்ளம் பற்றிய மனுக்கள் உங்கள் மேசையில் இருக்கின்றன. நடந்ததைத் திரும்பச் சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: தேரியின் அடிவாரத்தில் மண் அள்ளும் அனுமதியை நிறுத்துங்கள்.

கார்த்திகையில் பார்வையிட்டபோது வெட்டு செங்குத்தாக நின்றது, ஆபத்தில்லை என்று எழுதிவிட்டீர்கள். ஈரம் இருக்கும்வரை நிற்கத்தான் செய்யும். வைகாசியில் வந்து பாருங்கள். காய்ந்த மணல் சுமார் 33 பாகைச் சாய்வுக்கு மேல் நிற்காது. அடியை வெட்டினால் மேலே இருப்பது அந்தச் சாய்வு வரும்வரை சரியும். பனை வேர் அந்தரத்தில் தொங்கும். அடுத்து ஆனி, ஆடிக் காற்று. மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் வேகம் கூடி, வறண்டு வருகிற காற்று அது. மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினாலே உதிரி மணல் துள்ளத் தொடங்கும். விழுகிற மணல்மணி அடுத்த மணலைத் தட்டி எழுப்பும். பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேதான் ஓடும் என்பதால் புல்லும் உடைமரமும் கொல்லா (முந்திரி) மரத் தூரும் அதைப் பிடித்துவைக்கும். பொக்லைன் முதலில் பிடுங்குவது அவற்றைத்தான். அப்புறம் மணல் கிணற்றிலும் வாழையிலும் வந்து விழுகிறது.

அமெரிக்காவின் கொலராடோவில் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு மேல் உயர்ந்த மணல்மேடுகள் நிற்கின்றன. தென்மேற்குக் காற்று மணலை மலையடிக்குத் தள்ளுகிறது, கணவாய் வழியே வரும் புயற்காற்று திருப்பித் தள்ளுகிறது, ஓரத்துக்குப் போனதை ஓடை மறுபடி கொண்டுவந்து சேர்க்கிறது. அப்படி மணல் திரும்பி வரும் இடத்தையே 1932இல் பாதுகாத்தார்கள். பின்னர் நிலத்தடி நீரை வெளியே கொண்டுபோகத் திட்டம் வந்ததும், நீரையும் சேர்த்துக் காக்க 2004இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நம் தேரிக்குத் திருப்பித் தரும் ஓடை கிடையாது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காற்று குவித்தது. மணல்மணிமேல் இரும்புத் துரு ஏறித்தான் இப்படிச் சிவந்தது. பெய்யும் மழையை உறிஞ்சி, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நன்னீராக வைத்திருப்பதும் அதுதான்.

தேரியில் நடக்கும் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு வரும் சனம் ஒரு பிடி மண்ணை மடியில் முடிந்துகொண்டு போகிறது. நீங்கள் டிப்பர் கணக்கில் கொடுக்கிறீர்கள். வயலுக்குக் குளத்து வண்டல் கேட்கும் சம்சாரிதான் பட்டா, அடங்கல், கையெழுத்து என்று நடையாய் நடக்கிறார்.

தயவுசெய்து அடிவார அனுமதிகளை நிறுத்துங்கள். வெட்டிய இடங்களில் ஆனி பிறக்கும் முன்பே காற்றுக்குக் குறுக்கே உடைமுள் பரப்பச் சொல்லுங்கள். புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றினால் ஐப்பசி மழையில் பிடித்துக்கொள்ளும். மறுஆய்வை வைகாசியில் வையுங்கள். ஊர்க்காரர்களும் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
தேரிக்காட்டு ஊர்மக்கள்