பாதியில் விடப்படும் எஸ்எஸ்எச் இணைப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் சர்வர் பராமரிப்பைக் கற்பிக்கும் வகுப்புகளில், ஸ்கிரிப்ட் (வரிசையாக இயங்கும் கட்டளைகளின் தொகுப்பு) வழியே தொலைவிலுள்ள சர்வருக்கு எஸ்எஸ்எச் (வேறொரு கணினியில் பாதுகாப்பாகக் கட்டளைகளை இயக்கும் முறை) இணைப்பு ஏற்படுத்தும் முறையை விரிவாகச் சொல்லித் தருகிறார்கள். அதை முடிக்கும் முறையைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கட்டளை முடிந்ததும் இணைப்பு தானே மூடிக்கொள்ளும் என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று சர்வரில் ஒரு நிரலைப் பின்னணியில் தொடங்கிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பார்த்தால், ஸ்கிரிப்ட் அதே வரியில் நின்றுகொண்டிருக்கும். பின்னணிக்குப் போன நிரல், அந்த இணைப்பின் வெளியீட்டு வழிகளைக் கையிலேயே வைத்திருப்பதால், அவை மூடப்படும்வரை மறுமுனையிலுள்ள எஸ்எஸ்எச் சேவை காத்திருப்பதே இதற்குக் காரணம். நிரலைத் தொடங்கும்போதே அதன் உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு மூன்றையும் எழுதுவதையெல்லாம் கைவிட்டுவிடும் ‘டெவ் நல்’லுக்கோ ஒரு லாக் கோப்புக்கோ திருப்பிவிட்டால், இணைப்பு உடனே முடியும்.

இதைவிட ஆபத்தானது இதற்கு நேர்மாறாக, இணைப்பு முடிந்தும் கட்டளை ஓடிக்கொண்டே இருக்கும் நிலை. பொறுமையிழந்து நம் கணினியில் கன்ட்ரோல்-சி அழுத்தினால், எஸ்எஸ்எச் மட்டுமே நிற்கிறது. டெர்மினல் (விசைப்பலகை உள்ளீட்டை ஏற்கும் முனையம்) ஒதுக்கப்படாத இணைப்பாக இருந்தால், சர்வரில் ஓடும் கட்டளைக்கு நிறுத்தச் சொல்லும் அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. அதை அறியாமல் மறுபடி ஸ்கிரிப்ட்டை இயக்குபவர், ஒரே பேக்கப்பை இரண்டு நிரல்கள் எழுதும்படி செய்துவிடுகிறார். (நானும் ஒருமுறை செய்தவன்தான்.) நேர வரம்பை நம் பக்கம் வைப்பதைவிட, குறித்த நேரத்தில் நிரலை நிறுத்தும் ‘டைம்அவுட்’ கட்டளையைச் சர்வரிலேயே இயங்கவைப்பது நல்லது.

வலையமைப்பு நடுவில் அறுந்துபோனாலும் சிக்கல்தான். ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற எஸ்எஸ்எச் மென்பொருளில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ (எத்தனை நொடிக்கு ஒருமுறை மறுமுனையைக் கேட்க வேண்டும் என்ற அமைப்பு) இயல்பாக 0, அதாவது மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. அதை 15 என மாற்றினால், பதிலில்லாத 3 கேள்விகளுக்குப் பின், சுமார் 45 நொடிகளில் இணைப்பு துண்டிக்கப்படும். அப்போது கிடைக்கும் வெளியேற்றக் குறியீடு (கட்டளை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) 255. இணைப்பில் நேர்ந்த பிழைக்கு உரிய இந்த எண்ணை, தொலைவில் ஓடிய கட்டளையின் தோல்வியாகக் கருதி உடனே மறுமுயற்சி செய்யும் ஸ்கிரிப்ட்டுகளே அதிகம். அந்தக் கட்டளை இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், முதலில் அதைச் சரிபார்த்துவிட்டே மறுமுறை தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.