பழைய லேப்டாப்பில் இன்னும் குடியிருக்கும் பழைய ஆள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் புதுச்சேரியில் பழைய லேப்டாப் வாங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் யூசர் கணக்கை நீக்கினால் மட்டும் போதாது. டி டிரைவில் அவருடைய ஆதார் நகலும் குடும்பப் படங்களும் அப்படியே கிடக்கும். விற்பவருக்கும் இது ஆபத்துதான்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி வழியாக 'ரீசெட் பிசி' போய் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுங்கள். அங்கேயே 'சேஞ்ச் செட்டிங்ஸ்' திறந்து 'கிளீன் டேட்டா'வை ஆன் செய்து, எல்லா டிரைவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டால் ரெக்கவரி மென்பொருள் பழைய கோப்புகளைத் தோண்டி எடுத்துவிடக்கூடும். சில மணி நேரம் பிடிக்கும், சார்ஜரைக் கழற்றாதீர்கள். பிட்லாக்கர் (டிரைவில் உள்ளதைச் சங்கேதமாக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு இருந்தால் 48 இலக்க ரெக்கவரி சாவி கேட்கலாம். அது பெரும்பாலும் பழைய உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், ஆகவே முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ரீசெட் முடிந்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் திரை வந்தால், கருவி இன்னும் அந்த நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது. எத்தனை முறை அழித்தாலும் இணையத்தில் இணைந்ததும் திரும்ப வரும். அவர்கள் விடுவிக்காத வரை பணம் கொடுக்காதீர்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு உள்ளதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

— கணினி பழுது பார்ப்பவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி