கொச்சியிலிருந்து நுழைந்தது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணைய மோசடி என்றாலே ஓடிபி, வங்கிக் கணக்கு, போலி கூரியர் அழைப்பு என்றுதான் பத்திரிகைகளில் வருகிறது. என்னைப் போல சின்னக் கடை வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு இணையதளம் தொடங்கிவிட்டோம், ஆனால் அதன் கதவை யார் தட்டுகிறார்கள், பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்பதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். என் அசட்டுத்தனமும் இதில் இருக்கிறது, அதை வெட்டாமல் போடுங்கள்.

எனக்கு குமுளியில் ஏலக்காய், மிளகு, கிராம்புக் கடை, வீடு கீழே கம்பத்தில். தேக்கடி பார்க்க வந்து வாங்கிப் போனவர்கள் ஊருக்குப் போய் மறுபடி கேட்பதால் இணையதளம் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஒரு தளம் போட்டோம். யார் எப்போது லாகின் செய்கிறார்கள் என்று மெயில் அனுப்பும் பிளகின் (தளத்தோடு ஒட்டவைக்கும் துணை மென்பொருள்) ஒன்றை சில மாதங்களுக்கு முன் சேர்த்தேன், அன்றோடு தூக்கம் போயிற்று. பகலில் கொச்சியிலிருந்து ஒருவர் உள்ளே வந்திருக்கிறார், ராத்திரி சென்னையிலிருந்து ஒருவர். எனக்கு கொச்சி என்றதும் ஒரே முகம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் கடையில் படம் எடுத்து தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்த கம்பத்துப் பையன், வேலை கிடைத்து கொச்சிக்குப் போயிருந்தான். ராத்திரி பத்து மணிக்கு அவனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டான்.

பயத்தில் இன்னொரு பாதுகாப்பு பிளகினையும் போட்டேன். ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இரண்டாவது எதற்கு என்று கேட்க பக்கத்தில் ஆள் இல்லை. மறுநிமிடம் தளமே இல்லை, கடுமையான கோளாறு என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. தளம் செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தப் பணத்துக்கு நல்ல ஏலக்காயே மூட்டையாக வாங்கலாம்.

சரி, வெட்கத்தை விட்டு அந்தத் தம்பியையே மறுபடி கூப்பிட்டேன். அவன் போனிலேயே வழி சொன்னான். ஹோஸ்டிங்கில், அதாவது தளத்தை வைக்க நாம் வாடகைக்கு எடுத்த இடத்தில், உள்ள ஃபைல் மேனேஜரைத் திறந்தால் டபிள்யூபி-கன்டென்ட் என்ற ஃபோல்டருக்குள் பிளகின்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதன் பெயரை மாற்றினால் போதும், எல்லா பிளகினும் அணைந்துவிடும், எதுவும் அழியாது. அப்புறம் தளத்தை நிர்வகிக்கும் டேஷ்போர்டுக்குள் போய் பிளகின் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, ஃபோல்டருக்குப் பழைய பெயரையே கொடுத்து, ஒவ்வொன்றாக ஆன் செய்து, ஒவ்வொரு தடவையும் நாமே ஒரு ஆர்டர் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் அந்த இரண்டு பாதுகாப்பு பிளகினும் தனித்தனியாக ஒழுங்காகத்தான் ஓடின, சேர்த்து வைத்தால்தான் சண்டை. ஒன்றைத் தூக்கினோம், செலவு பூஜ்யம். ஒரு விஷயம், எல்லாம் அணைந்திருக்கும் நேரத்தில் காவலும் அணைந்துதான் இருக்கும், அதனால் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது இதற்கு அடுத்துத் தெரிந்த விஷயத்தில்தான். பிளகின் கோளாறால் தளம் விழுந்தால் உள்ளே போவதற்கு ஒரு தனி லிங்க்கை அட்மின் மெயிலுக்கு, அதாவது தளத்தின் நிர்வாகி என்று பதிவாகியிருக்கும் மெயிலுக்கு, அனுப்பும் வசதி 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸில் இருக்கிறதாம். எங்கள் தளத்தில் அட்மின் மெயில் என்று இருந்தது தளம் செய்தவருடைய மெயில். லிங்க் அவருக்குப் போயிருக்கும், பார்த்தாரோ இல்லையோ. கடை என்னுடையது, சாவி அவர் பையில்.

எல்லாம் சரியான பின் தம்பி மெதுவாகக் கேட்டான், "அண்ணே, கடையில எந்த சிம்முல நெட் பாக்குறீங்க, வீட்ல எந்த சிம்முல?" கடையில் கேரளா சிம், மலை இறங்கினால் தமிழ்நாடு சிம். மெயிலில் வந்த நேரங்களை எடுத்து வைத்துப் பார்த்தோம். கொச்சியும் நான், சென்னையும் நான். மொபைல் நெட்டில் ஐபி முகவரிக்கு (நெட்டில் நம் இணைப்புக்குக் கிடைக்கும் எண்) எதிரே காட்டும் ஊர் பல சமயம் அந்த சிம் கம்பெனியின் நெட்வொர்க் மையம் இருக்கும் ஊர்தான், ஆள் நிற்கும் இடம் அல்ல. எல்லையில் இருக்கிற நாம் ஒரே நாளில் இரண்டு ஊர்க்காரராகிவிடுகிறோம்.

அப்படியானால் நிஜத் திருடன் இல்லையா என்றால், இருந்தான். லாகின் பக்கத்தில் அட்மின் என்ற பெயரைப் போட்டு, ராத்திரி முழுக்க நிமிடத்துக்குப் பல தடவை வேறு வேறு பாஸ்வேர்டு. அது மனிதன்கூட இல்லை, தானாக ஓடும் நிரல். உலகத்தில் உள்ள தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வேர்ட்பிரஸ் என்பதால் எல்லாக் கதவையும் ஒரே மாதிரி தட்டிக்கொண்டே போகும். வெளியே உள்ள ஆப்கள் தளத்தோடு பேசுவதற்கு எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்று இன்னொரு பின்வாசலும் உண்டு, அதிலும் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்க முடியும், பழைய பதிப்புகளில் ஒரே தட்டலில் பலவற்றைப் பார்க்க முடிந்தது, தேவையில்லாதவர்கள் அதை மூடிவிடலாம். தோற்றுப்போன முயற்சிகளை எண்ணி நான் பயந்துகொண்டிருந்தேன், பார்க்க வேண்டியது ஜெயித்து உள்ளே வந்த லாகினை, அது எந்தப் பெயரில், எந்த நேரத்தில் என்பதை, அப்புறம் நாம் உருவாக்காத புது அட்மின் கணக்கு ஏதாவது முளைத்திருக்கிறதா என்பதை. பிளகின்களை அப்டேட் செய்யாமல் விட்டால் இதெல்லாம் வீண், பழைய ஓட்டை வழியாக வருகிறவனுக்கு பாஸ்வேர்டே வேண்டாம்.

யார் எப்போது வந்துபோனார்கள் என்ற சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. எங்கள் ஹோஸ்டிங்கில் நான் பார்க்க முடிந்தது அன்றைய ஒருநாள் பதிவு மட்டும். பழையதைச் சேமித்து வைக்க ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டுமாம், அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இதைப் பற்றி விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு உங்கள் நாளிதழ் எழுத வேண்டும். தளம் செய்து கொடுக்கிறவர்கள் அட்மின் மெயிலையும் சாவியையும் கடைக்காரர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தம்பிக்கு கால் கிலோ 8 மில்லிமீட்டர் பருமன் ஏலக்காய் அனுப்பினேன். வாங்கிக்கொண்டான், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் கூப்பிட்டால் இன்னும் எடுப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு மலைச்சரக்கு வியாபாரி,
குமுளி