நனைந்த வரைபடங்களைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

கோத்தகிரி மக்களுக்கு வணக்கம்.

அந்த ராத்திரி மழையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தரையில் பெட்டிகளில் வைத்திருந்த எங்கள் பழைய வரைபடங்கள் அதில் நனைந்துபோயின. பாம்பன், தனுஷ்கோடி, இராமேஸ்வரம், மண்டபம் முகாம் (இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் தங்கவைத்த இடம்) வரைபடங்கள் எல்லாம் பிழைத்துவிட்டன. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் பிரிவின் நைட் ஷிஃப்ட் அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நனைந்த தாளில் இரண்டு நாளுக்குள் பூசணம் ஏறிவிடும். வெயிலில் போட்டால் ஒரு பக்கமாக இழுத்துச் சுருங்கும். மூட்டம் கவிந்த நாளில் வெறும் ஃபேன் காற்றாலும் பயனில்லை, அந்தக் காற்றே ஈரம். பாதை அடைபட்டு அன்று இலை வராததால் வாடல் தொட்டி (அடியிலிருந்து வலை வழியாகக் காற்று ஊதி இலையை வாட்டும் நீளத் தொட்டி) ஒன்று காலியாகக் கிடந்தது. யாரும் கேட்காமலே அதைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு ஆள் அனுப்பினார். "ஈரத் தெர்மாமீட்டருக்கும் காஞ்ச தெர்மாமீட்டருக்கும் மூணு டிகிரி வித்தியாசம் வெச்சுக்கறேன். அதுக்கு மேல சூடு விட்டா இலை முனை கருகும். உங்க காகிதம் எப்படின்னு சொல்லுங்க." ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டும்; வித்தியாசம் கூடக் கூடக் காற்று உலர்ந்தது என்று அர்த்தம். காகிதத்துக்கும் அதே கணக்குதான். வலை மேல் இரட்டை வேட்டி, அதன் மேல் ஒற்றை வரிசையாகத் தாள், பறக்காமலிருக்க மேலே கொசுவலை, காற்று பாதி அளவில். விடியும்வரை அரை மணிக்கொருமுறை வந்து தொட்டுப் பார்த்தார்.

ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களைப் பிரிக்காமல், கட்டாகவே பையில் கட்டி ஃப்ரீசரில் வைக்க இடம் தந்த ஐஸ்கிரீம் கடைக்காரர், வேட்டி தந்த வீடுகள், ஜீப் ஓட்டிய தம்பிகள், காபி போட்டுக் கொடுத்த அக்காமார் எல்லோருக்கும் நன்றி.

காகிதம் சுருங்கினால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். ஒரு அங்குலம் ஒரு மைல் என்ற அளவில், 16 அங்குலத் தாள் அரை சதவீதம் சுருங்கினாலே மறுகோடியில் சுமார் 130 மீட்டர் பிசகும். தனுஷ்கோடி போன்ற ஒடுங்கிய மணல்திட்டில் அது ரயில் ஸ்டேஷனைக் கடலுக்குள் தள்ளப் போதும். அதனால் உலர்ந்த ஒவ்வொரு தாளிலும் அச்சிட்ட அளவுகோலை எஃகு ஸ்கேலால் நீளவாட்டிலும், கட்டக் கோடுகளைக் குறுக்குவாட்டிலும் அளந்து எழுதிவைத்திருக்கிறோம். இன்றைய படத்தோடு பொருத்தும்போது கரையோரத்தைப் பிடிமானமாக எடுக்கவே கூடாது. மணல் நகரும், 1964 டிசம்பர் புயல் வேறு கரையைக் குலைத்துவிட்டது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரு முனைகள், இராமநாதசுவாமி கோயில் கோபுரங்கள், தாளில் கட்டக் கோடுகள் வெட்டும் புள்ளிகள், இவை நம்பலாம்.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு இது வெறும் கணக்கல்ல. 1914-க்குப் பின் தாத்தாமார் பலர் இலங்கைக்குக் கப்பலேறியது தனுஷ்கோடியில். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்கள் இறங்கியது இராமேஸ்வரத்தில், ஏனென்றால் அதற்குள் தனுஷ்கோடி அழிந்திருந்தது. லயன்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பெரியவர்கள் இரண்டையும் கலந்து சொல்வார்கள். எந்த ஆண்டுப் பதிப்பை விரிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் சொல்லும் துறை கிடைக்கும்.

ஐப்பசி மழைக்குள் எல்லாத் தாள்களையும் ஸ்கேன் செய்து, கேட்கிற குடும்பத்துக்கெல்லாம் இலவசமாகப் பிரதி தருவோம். பெட்டிகள் இனி தரையில் இருக்காது.

வேட்டி தந்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கையால் வண்ணம் தீட்டிய தாள்களுக்கு அடியில் விரித்தவற்றில் சிவப்பும் நீலமும் இறங்கியிருக்கிறது. அவற்றைத் தந்தவர்களுக்குப் புது வேட்டி தருவோம்.