நாகாசே தேடிய கல்லறைகளும் தேடப்படாதவர்களும்

ஜப்பான் அரசுக்கு,

வணக்கம். உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன். தகாஷி நாகாசே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உங்கள் கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸ் படைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளர். ஒளித்து வைத்திருந்த ரேடியோவுக்காக 1943-இல் எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கைதியை அடித்து, மூக்கிலும் வாயிலும் தண்ணீரைப் பாய்ச்சியபோது, பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் கேள்வி கேட்டவர் இவர்தான். 'நான் அடிக்கவில்லையே, பேசினேன், அவ்வளவுதானே' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தப்பிக்கவில்லை.

1945-இல் போர் முடிந்ததும், நேச நாட்டுக் கைதிகளின் கல்லறைகளைத் தேடிய குழுவோடு, உங்கள் படை கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில் பாதையில் மூன்று வாரம் போனார். பத்தாயிரத்துக்கும் மேல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பயணம் அவரை விடவே இல்லை. அப்புறம் நூறு தடவைக்கும் மேல் தாய்லாந்து போனார். 1976-இல் பழைய கைதிகளையும் பழைய ஜப்பானியச் சிப்பாய்களையும் அந்தப் பாதையிலுள்ள க்வாய் பாலத்தில் சந்திக்க வைத்தார். 1986-இல் அங்கே ஒரு கோயில் கட்டினார். 1993-இல் லோமாக்ஸே நேரில் வந்து பார்த்தார், பிறகு மன்னித்தார். 2011-இல் இறக்கும்வரை நாகாசே ஓயவில்லை.

சரி, இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்?

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் கிடக்கிறார்கள். பெரும்பாலான கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. பக்கத்தில் ஒரு பூச்செடி. அதே 415 கிலோமீட்டர் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. 1990-இல் அந்த ஊரில் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்றார்கள். யார், எந்தத் தோட்டம், ஒன்றும் தெரியாது.

உங்கள் படைக்குத் தெரியாமல் இல்லை. 1944-இல் அவர்களே பாலத்தருகே எழுப்பிய நினைவுத்தூணில் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுத ஆள் தேடிப் பிடித்தவர்கள், செத்தவர்களின் பெயரைக் குறித்து வைக்கவில்லையா?

மன்னிப்பு அறிக்கை கேட்டு எழுதவில்லை. அதை நாகாசே தனியாளாகவே செய்துவிட்டுப் போனார். தோட்டங்களிலிருந்து ஆள் எடுத்த பதிவேடுகள், முகாம்களின் இறப்புக் கணக்குகள் என்று உங்கள் ஆவணக் காப்பகங்களில் மிஞ்சியிருப்பதைத் தேடி வெளியிடுங்கள். அரைகுறைப் பட்டியலானாலும் பரவாயில்லை. முனியாண்டி என்று மட்டும் இருந்தாலும் போதும், எந்தத் தோட்டம் என்று நாங்கள் விசாரித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் இனத்தான் ஒருவன்