பத்து நாள் ஊழியத்துக்கு நேபாளம் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் வாலிபர் ஐக்கியம் பத்து நாள் நேபாளம் போகிறது, குழுவுக்கு நீதான் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய பட்டியலில் முதல் வரியே ‘கைப்பிரதி 2,000’ (சுவிசேஷத் துண்டுப்பிரசுரங்கள்) என்று இருக்கிறது. அதை இன்றைக்கே அடித்துவிடு.

நேபாளத்தின் 2015 அரசியல் சாசனத்தில் 26ஆம் பிரிவு அவரவர் மதத்தைக் கைக்கொள்ள உரிமை தருகிறது. அதே பிரிவுதான் அடுத்தவரை மதம் மாற்றுவதைத் தடுக்கவும் செய்கிறது. 2018 ஆகஸ்ட்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டம், 158ஆம் பிரிவில், மதம் மாற்றுவதற்கும் அதற்கு முயல்வதற்கும் 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் எப்படியும் பத்தாம் நாள் ரயிலேறிவிடுவீர்கள். விசாரணை வருவது உங்களுக்கு இடம் கொடுத்த போதகரின் வீட்டுக்கு. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். அதனால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டியவர் அந்தப் போதகர். அவர் தயங்கினால் வேண்டாம் என்று அர்த்தம். விருந்தாளியிடம் நேராக ‘முடியாது’ என்று சொல்ல நம்மைப் போலவே அவர்களுக்கும் கூச்சம்.

பயணக் காகிதங்கள் எளிது. இந்தியருக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணைய வாக்காளர் அட்டை; 15 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் ஆதாரை நம்பி விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டாம். குழுவில் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இருந்தால் அவருக்கு விசா தேவை. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான விகிதம். ஆள் எண்ணிக்கை ஆறு, ஏழுக்குமேல் போகவேண்டாம். ஒரு ஜீப்பில் அடங்காத குழு மலைப்பாதையில் எல்லா இடத்துக்கும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஒரே வீட்டில் தங்கவும் முடியாது.

மே மாதம் தேர்ந்தெடுத்தது சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு, மூடிய சாலைகள். ஆயுதபூஜை விடுமுறையில் போகலாம் என்று உங்களில் சிலர் சொன்னார்களாம். அங்கே அதே நாட்களில்தான் தசைன் பெருவிழா. அலுவலகங்கள் மூடியிருக்கும், ஜனங்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், பஸ்ஸில் இடம் கிடைக்காது. இன்னொன்று: அங்கே சபைகள் பெரும்பாலும் கூடுவது சனிக்கிழமை. வாரவிடுமுறை சனி என்பதால் வந்த வழக்கம் அது. சனிக்கிழமையையே ஓய்வுநாளாக ஆசரிக்கும் உபதேசம் என்று நினைத்து யாரும் விவாதம் தொடங்க வேண்டாம். உன் திட்டத்தில் ‘ஞாயிறு ஆராதனை’ என்று போட்டிருக்கிறாய். அன்று போனால் கதவு பூட்டியிருக்கும்.

இனி மருத்துவ முகாம். நீ நர்ஸ் என்பதால் இதில்தான் உனக்கு ஆசை அதிகம், தவறு நடக்க வாய்ப்பும் இதில்தான் அதிகம். விசா வேண்டாம் என்பதும் வைத்தியம் பார்க்க அனுமதி என்பதும் வேறு வேறு. டாக்டர் நேபாள மருத்துவக் கவுன்சிலிலும், நர்ஸ் அங்குள்ள நர்சிங் கவுன்சிலிலும் தற்காலிகப் பதிவு பெறவேண்டும். அதற்கு உள்ளூர் மருத்துவமனை ஒன்று முன்னின்று விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மாதமாவது முன்னதாக ஆரம்பித்துவிடு. பதிவு வரவில்லையென்றால் முகாமே வேண்டாம். இரண்டு சூட்கேஸ் நிறைய மாத்திரை கொண்டுபோவதும் வேண்டாம், சுங்கத்தில் நிற்கும். மீறி உள்ளே போனாலும், மிஞ்சியதை விட்டுவிட்டு வரும்போது எது எதற்கு என்று அங்கே யாருக்கும் தெரியாது. தேவையான மருந்தை அந்த மருத்துவமனை மூலம் அங்கேயே வாங்குங்கள்.

உதாரணத்துக்கு ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள். ஒரு மணி நேரம் மேடேறி வந்தவரை உட்காரவைத்த உடனே பட்டையைச் சுற்றினால் எல்லாருக்கும் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காரவிடு, பேச்சுக் கொடுக்காதே, இரண்டு முறை எடு. உண்மையிலேயே அதிகம் இருந்தால், 30 நாள் மாத்திரையைக் கையில் திணித்து அனுப்புவதில் பலன் இல்லை. 31ஆம் நாள் என்ன செய்வார்? அரசு சுகாதார நிலையங்களில் அடிப்படை மருந்துகள் இலவசம். அளவை எழுதி ஒரு சீட்டை அவரிடமும் இன்னொன்றை அந்த நிலையத்திலும் கொடு. நிலையத்தின் பணியாளரையே முகாமில் உட்காரவைத்தால் இன்னும் நல்லது.

உண்மையில் பத்து நாளில் முழுதாகச் செய்து முடிக்கக்கூடியது கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் வாசிப்புக் கண்ணாடிதான். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு +1.00 முதல் +3.00 வரை, நூறு கண்ணாடி என்றால் +1.50, +2.00, +2.50 ஆகியவற்றில் அதிகம் எடு. கையில் ஊசியும் நூலும் கொடுத்துப் பார். கோத்துவிட்டால் அதுதான் சரியான அளவு. கண்ணில் வெள்ளை படிந்தவர்களைக் கண்ணாடியால் சமாளிக்காதே, பெயர் எழுதிக் கண் மருத்துவமனைக்கு அனுப்பு. காட்மாண்டுவின் திலகங்கா, நம் மதுரை அரவிந்தைப் போலவே, செயற்கை லென்ஸைத் தானே தயாரித்துக் குறைந்த செலவில் அறுவை செய்யும் இடம்.

காட்மாண்டு 1,400 மீட்டர் உயரம்தான். மூச்சுப் பிரச்சினை வராது. ஆனால் 2,500 மீட்டருக்குமேல் தங்கும் திட்டம் இருந்தால் தலைவலி, வாந்தியைப் ‘பயணக் களைப்பு’ என்று ஒதுக்காதே. மேலே ஏறுவதை நிறுத்து. கூடினால் கீழே இறக்கு, இரவானாலும்.

விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பற்றி. நம் ஊர் மே மாதப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகக்கூடாது. தெருப் பிள்ளைகளைக் கூட்டி, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பிஸ்கட்டும் பென்சில் பெட்டியும் கொடுத்தால், அங்கே அது ஆசைகாட்டி மதம் மாற்றும் முயற்சியாகப் புகாராகும். சபைக் குடும்பத்துப் பிள்ளைகள், பெற்றோர் அறிய, உள்ளூர் ஆசிரியர் முன்னால் நிற்க, நீங்கள் பின்னால் உதவி: அவ்வளவுதான். ‘அநாதை இல்லச் சந்திப்பு’ என்ற வரியையும் எடுத்துவிடு. ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களிலிருந்து, பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே, படிக்கவைப்பதாகச் சொல்லிக் கூட்டிவந்து இல்லங்களில் வைக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே ஏராளம். விருந்தினர் வர வர, காணிக்கை கொடுக்கக் கொடுக்க, இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளைக் கூட்டிவருவதும் கூடுகிறது.

பிரசங்கம்: மொழிபெயர்ப்போடு நேரம் இரட்டிக்கும், ஆகவே 12 நிமிடத்துக்கு எழுது. எதுகை மோனையில் மூன்று குறிப்பு சொல்லும் நம் பாணி நேபாளியில் பொடிப்பொடியாகிவிடும். இந்தி தெரிந்தவர்கள் அதிகாரமாகப் பேசவேண்டாம். மொழி விஷயத்தில் நமக்கு இருக்கும் ரோஷம் அவர்களுக்கும் உண்டு. புத்தர் இந்தியாவில் பிறந்தார் என்று யாராவது வாய்தவறினால் கூட்டமே முறைக்கும். லும்பினி அவர்கள் நாட்டில் இருக்கிறது. பசு தேசிய விலங்கு, கொல்வது குற்றம். எருமைக்கறி மோமோ தாராளமாகச் சாப்பிடலாம். வணக்கத்துக்கு ‘ஜெய் மசீ’ போதும். செருப்பை வெளியே விட்டுத் தரையில் உட்காருவதில் நம் கிராமத்துச் சபைக்காரருக்குக் கஷ்டம் இராது.

தங்குமிடம், சாப்பாட்டுப் பணத்தை முதல் நாளே கொடு. கடைசி நாள் கொடுக்கலாம் என்றால் பத்து நாளும் அவர்கள் கடன் வாங்கிச் சமைப்பார்கள். தனி ஆள் கையில் யாரும் ரூபாய் திணிக்கவேண்டாம். சபைக் குழுவிடம், ரசீதோடு.

வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்று பெற்றுக்கொள்ளும் இடத்தில் இருந்த நாம் இப்போது கொண்டுபோகும் இடத்தில் நிற்கிறோம். அதை உன் குழுவின் முதல் ஆயத்தக் கூட்டத்தில் சொல்.

கடைசியாக, படங்கள். முகம் தெரியும் படம், ஊர்ப்பெயர், ஞானஸ்நானம் பற்றிய செய்தி எதுவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போகக்கூடாது. அங்கிருக்கும்போது மட்டுமல்ல, வந்தபிறகும். சபை மடலுக்கு எழுதும் அறிக்கையை அச்சுக்குக் கொடுக்குமுன் ஆங்கிலத்தில் அந்தப் போதகருக்கு அனுப்பு. அவர் அடிக்கும் வரிகளை ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்