கீலை நாங்கள் உடைத்தோம் என்றால் அதை எழுத்தில் கொடுங்கள்: மடிக்கணினி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். புகார் எண், சீரியல் எண், பில் நகல், படங்கள் எல்லாமே உங்களிடம் இருக்கின்றன. உங்கள் இன்ஜினியர் வந்து அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போனதும் உங்கள் பதிவில் இருக்கிறது. அதனால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. கடைசியாக வந்த உங்கள் மின்னஞ்சலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "இது வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம், வாரண்டியில் வராது" என்று இரண்டு வரி. யார் பார்த்தார்கள், எதை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அனுப்பியவர் பெயர்கூட இல்லை. தனியாக எழுதிக் கேட்டபோதெல்லாம் பெரும்பாலும் இதே இரண்டு வரிதான் திரும்பி வந்தது, ஆகவே இந்த முறை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். மடிக்கணினியின் மூடியையும் உடம்பையும் இணைக்கிற கீலை நான்தான் உடைத்தேன் என்றால், எப்படி என்று பரிசோதித்தவர் பெயரோடும் கையெழுத்தோடும் எழுதிக் கொடுங்கள். எழுதித் தர முடியாதென்றால் வாரண்டியில் மாற்றிக் கொடுங்கள்.

என்ன உடைந்தது என்று படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மூடியைத் தாங்குகிற இடது பக்கக் கீல் வளையவில்லை, முறியவில்லை. அதைப் பிடித்திருக்கிற ஸ்குரூக்களும் ஆடவில்லை. பிளாஸ்டிக் உடம்புக்குள் சூடு வைத்துப் பதித்திருக்கிறார்களே சின்னச் சின்னப் பித்தளை நட்டுகள், அவைதான் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு ஸ்குரூவோடு வெளியே வந்திருந்தன. உங்கள் இன்ஜினியர் டார்ச் அடித்துக் காட்டியபோது பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். நட்டு பதிந்திருந்த இடத்தில் பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லிசு. கீலோ விரலால் தள்ளினால் அசையவே மாட்டேனென்கிற அளவுக்கு இறுக்கம். மூடியைத் திறக்கும்போது எல்லோரும் முன் விளிம்பைப் பிடித்துத்தான் தூக்குகிறோம், வேறு எங்கே பிடிப்பது? கீல் இறுகிவிட்டால் அந்தத் தூக்குகிற விசை முழுக்க அந்த நட்டுகளின் மேல்தான் போய் விழும். தினமும் திறந்து மூட மூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து, ஒரு நாள் கையோடு வந்துவிட்டது. இதில் நான் செய்தது திறந்ததும் மூடியதும்தான்.

கீழே விழுந்திருந்தால் மூலையில் அடிபட்ட தடம் இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் ஒரு கீறல் இல்லை, திரைக் கண்ணாடியில் விரிசல் இல்லை. படம் எடுத்து அனுப்பியது உங்கள் ஆள்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. திருச்சியிலிருந்து பஸ் மாறி மாறி வந்த சின்னப் பையன், நல்ல மரியாதையான பிள்ளை. "இந்த மாடல்ல இது அடிக்கடி வருது சார், ஆனா முடிவு எங்க கையில இல்ல" என்றான். அப்படியென்றால் முடிவு யார் கையில்? கணினியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர், மொபைலில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, நான் உடைத்தேன் என்று எப்படிச் சொல்கிறார்? இதே மாடலில் இதே கீல் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்ற கணக்கும் உங்களிடம் இருக்கத்தான் செய்யும். அதையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இவ்வளவு பேரும் ஒரே இடத்தில்தான் உடைப்பார்களா?

எனக்கு இது பொழுதுபோக்குக் கணினி இல்லை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பொது சேவை மையம் வைத்திருக்கிறேன், பயிர்க் காப்பீடு மாதிரி விண்ணப்பங்களைக் கணினியில் பதிந்து கொடுக்கிற கடை. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால்தான் மேசைக் கணினி வேண்டாமென்று, பேட்டரி நிற்கிற மாதிரி இதை வாங்கினேன். ஒரு வருட வாரண்டி போதாதென்று காசு கட்டி மூன்று வருடமாக நீட்டினேன். அதற்கு வாங்கின பணத்துக்கு உங்களிடமிருந்து ரசீது வந்தது. கீல் போனபோது இரண்டாவது வருடம்கூட முடியவில்லை.

போனது ஐப்பசியில். டெல்டாவில் அந்த மாதத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்கள் அலுவலகத்தில் தெரியுமோ தெரியாதோ, சொல்கிறேன். நட்ட சம்பா வயலில் நிற்கும், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் பாதியில் வந்து நிற்கும். சில வருடம் நாள் நீட்டிப்பார்கள், அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, காப்பீட்டு ரசீது கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று இங்கே ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நாட்களில் காலையில் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் ஆள் நிற்கும். அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்கிற கிராமக் கணக்கின் நகல்), ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாவற்றையும் நனையாமல் பாலிதீன் கவரில் சுற்றி, அதை மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நான் மூடி நிற்காத கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். பின்னால் ஒரு சிமெண்ட் கல்லை முட்டுக்கொடுத்து, திரையை அதன்மேல் சாய்த்து வைத்திருந்தேன். கீல் வழியாகத்தான் திரைக்குப் போகிற கேபிள் போகிறது, அதுவும் நசுங்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் அசைந்தால் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடும். புல எண் அடிக்கிற நேரத்தில் ஓர் இலக்கம் தெரியாமல் போனால், ஒரு உட்பிரிவு மாறிப் பதிவானால், நாளைக்கு இழப்பீடு வருகிற சமயத்தில் அந்த விவசாயி யார் கதவைத் தட்டுவார்? என் கதவைத்தான்.

ஒரு சாயங்காலம், மூன்று மா நிலம், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் வைத்திருக்கிற ஒரு வயசான அம்மாவுக்குப் பதிவு செய்துகொண்டிருந்தேன். கணவர் போன பிறகு தனியாகப் பயிர் வைக்கிறவர். மத்தியானத்திலிருந்து காத்திருந்தார். பாதி விண்ணப்பம் அடித்திருப்பேன், திரை அப்படியே இருட்டிப் போனது. மூடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன், வரவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, ஏறிடுச்சா?" என்றார். "இல்லம்மா, மிஷின் நின்னுபோச்சு" என்றேன். பணம் கட்டியாயிற்றோ, போய்விட்டதோ என்று அவருக்குப் பயம். கொண்டுவந்த ரூபாயை எண்ணித் திருப்பிக் கையில் கொடுத்த பிறகுதான் கொஞ்சம் தெளிந்தார். வெளியே நல்ல மழை. மறுநாள் களையெடுக்கப் போனால் கிடைக்கிற கூலியை விட்டுவிட்டு என்னோடு வண்டியில் பக்கத்து ஊர் மையத்துக்கு வந்தார், அங்கே காத்திருந்து பதிவு செய்தோம். அவருக்கு ரசீது கிடைத்துவிட்டது. ஆனால் அன்றைக்கு என் கடையிலிருந்து திரும்பிப் போன எல்லோரையும் நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியவில்லை.

இதையெல்லாம் உங்கள் கஸ்டமர் கேரில் பேசிய பெண்ணிடமும் சொன்னேன். பாவம், அவரும் எழுதி வைத்ததைத்தான் படிக்கிறார். மூடி, உடம்பு, திரை எல்லாம் சேர்த்துத்தான் மாற்றுவோம், தனிக் கீல் தரமாட்டோம், 14,000 ரூபாய்க்கு மேல் ஆகும், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி என்றார். அப்புறம் சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது. கணினி கை தவறி விழுந்துவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், நல்லெண்ண அடிப்படையில் கொஞ்சம் தள்ளுபடி வாங்கித் தர முயற்சி செய்கிறேன் என்றார். விழாத கணினியை விழுந்தது என்று நான் ஏன் எழுத வேண்டும்? தினமும் மற்றவர்களுக்கு உறுதிமொழிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் நான். பொய்யான தகவல் எழுதினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் படித்துச் சொல்கிறவன். அதே ஆளிடம் போய் பொய் எழுதச் சொல்கிறீர்கள். அதை எழுதிக் கொடுத்துவிட்டால், உங்கள் பதிவேட்டில் உடைந்த கீல் எல்லாம் வாடிக்கையாளர் கைதவறிப் போட்டது என்றுதானே கணக்காகும்?

நான் எழுத மறுத்த பிறகு காரணமே மாறியது. இடையில் வந்த ஒரு மடலில், நான் இதை வணிகத்துக்குப் பயன்படுத்துவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. முதலில் சேதம், பிறகு வணிகம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்யத் தானே வாங்கிப் பயன்படுத்துகிற பொருளை வணிக நோக்கமாகக் கொள்ளக்கூடாது என்று அந்தச் சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. என் கடையில் வேலை பார்ப்பது நான் ஒருவன்தான். உங்கள் சட்டப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

எங்கள் பக்கம் பயிர் சேதத்தை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? அதிலும் ஆயிரம் குறை உண்டு, நானே அதிகாரிகளோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் மகசூலைத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் வயலில் இறங்குகிறார். 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து கயிறு கட்டி, அந்த இடத்தை அறுத்து, அடித்து, நெல்லை எடை போட்டு, எழுதிக்கொண்டு போகிறார். விவசாயி பக்கத்தில் நின்று பார்க்கிறார். பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு வாரண்டி விற்கிற நீங்கள், அந்த அளவுக்காவது அளந்து பார்த்துச் சொல்லக்கூடாதா?

எங்கள் ஊர்க் கடைகளில் உங்கள் விளம்பரப் பலகை இல்லாத தெரு இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, எங்கே போனாலும் விற்க ஆள் இருக்கிறார்கள். பழுதென்றால் மட்டும் திருச்சி. உதிரிபாகம் எங்கிருந்தோ வர வேண்டும், அதுவரை காத்திருங்கள் என்பீர்கள். சரி, காத்திருந்தோம். மன்னார்குடியில் நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள், ஆயிரம் ரூபாயில் துளை போட்டு போல்ட் வைத்து, எம்-சீல் போட்டு நிறுத்திக் கொடுப்பார்கள். ஆனால் வெளியே பிரித்தால் மிச்சமிருக்கிற வாரண்டியும் போய்விடும் என்று நீங்களே மிரட்டி வைத்திருக்கிறீர்கள். நீங்களும் சரி செய்ய மாட்டீர்கள், அவர்களையும் தொடவிடமாட்டீர்கள் என்றால் நான் என்னதான் செய்வது? கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு நகையை வைத்து மடிக்கணினி வாங்கிக் கொடுத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கும் இதே இரண்டு வரியைத்தான் அனுப்புவீர்கள். சட்டம் தெரியாது, யாரிடம் கேட்பதென்று தெரியாது, தன்மேல்தான் தப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுவார்கள். எனக்கு வயிறு எரிவது அதை நினைத்துத்தான்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மறுபடி விஷயத்துக்கு வருகிறேன், பணிவாகவே கேட்கிறேன். உங்கள் வாரண்டித் தாளில் பொருளிலும் செய்நேர்த்தியிலும் குறை இருந்தால் சரி செய்து தருவோம் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக்கில் நிற்க முடியாத நட்டு அந்தக் குறைதான். இல்லை என்றால் இல்லை என்று, காரணத்தோடு, பெயரோடு, கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். இல்லையேல் இரண்டு பக்கக் கீல்களையும், பெயர்ந்த பாகத்தையும், நசுங்கிய கேபிளையும் வாரண்டியில் மாற்றிக் கொடுங்கள்.

பதினைந்து நாள் பார்க்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். அதிலும் தீரவில்லை என்றால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று இப்போதைய சட்டம் சொல்கிறது, ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பொருளில் குறை இருக்கிறதா என்று பார்வையில் தெரியாவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கிற அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. அங்கே போனால் கீலையும் நட்டையும் நான் அப்படியே கொண்டுபோய் மேசைமேல் வைப்பேன், பெயர்ந்த துண்டுகளை ஒன்றுகூடத் தூக்கிப் போடவில்லை. அங்கே வரை இழுக்காமல் நீங்களே முடித்துக் கொடுத்தால் நன்றியோடு இருப்பேன்.

கணினி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஆள் அனுப்புவதாக இருந்தால் ஒரு நாள் முன்னால் போன் செய்யச் சொல்லுங்கள், மழையென்றால் பஸ் நிறுத்தத்துக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பொது சேவை மையம், மன்னார்குடி வட்டம்